அபாமினேட்: அபசகுனத்தில் பிறந்த வெறுப்பு

கி.மு. 55ஆம் ஆண்டின் கடைசி. ரோமின் பெரும் பணக்காரரான கிராசஸ், பழைய ஈரானியப் பேரரசினரான பார்த்தியர்கள் மீது படையெடுக்கக் கிளம்பியிருந்தார். இத்தாலியின் தென்கிழக்கு முனையில் இருக்கும் புருந்தீசியம் துறைமுகத்தில் வீரர்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவன் அத்திப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். கவுனஸ் என்ற ஊரிலிருந்து வந்த பழம் என்பதால் ‘கவுனேயாஸ்! கவுனேயாஸ்!’ என்று கூவினான். லத்தீன் பேசுகிறவர் காதுக்கு அது ‘காவே நே ஏயாஸ்’ என்றும் விழும். ஜாக்கிரதை, போகாதே என்று பொருள். கிராசஸ் போனார். கி.மு. 53இல் கர்ரே என்ற இடத்தில் அவருடைய படை அழிந்தது. மகன் இறந்தான், பிறகு அவரும் கொல்லப்பட்டார்.

இதை எழுதி வைத்த சிசெரோ, ரோமின் அரசு நிமித்திகர் குழுவிலேயே உறுப்பினராக இருந்தவர். இருந்தும் அவர் இதை நம்பவில்லை. இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் கால் இடறுவது, செருப்பு வார் அறுவது, தும்மல் என்று எல்லாவற்றுக்கும் நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும் என்றார். ஆனால் ரோமில் பலர் அப்படி நின்று நின்றுதான் போனார்கள். நின்ற இடத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தின் பெயர்தான் பல கை மாறி, ஆங்கிலத்தில் ‘அபாமினேட்’ என்ற வினைச்சொல்லாக வந்து சேர்ந்தது. அகராதியைப் புரட்டினால் ‘கடுமையாக வெறு, அருவருத்து ஒதுக்கு’ என்று இருக்கும். சரிதான். ஆனால் அது எந்த மாதிரியான வெறுப்பு என்பதைச் சொல்லின் வரலாறுதான் காட்டுகிறது. இது பயத்தில் பிறந்த வெறுப்பு. எதிரே இருப்பது என்ன, யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வெறுப்பு. அந்தக் குணம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தச் சொல்லை விட்டுப் போகவே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

சொல்லின் நடுவில் இருப்பது ‘ஓமென்’. அதைச் சகுனம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் லத்தீனில் அதன் கறாரான பொருள், எதேச்சையாகக் காதில் விழும் பேச்சில் வரும் குறி. பறவை பறப்பதில் பார்க்கும் குறிக்கு அவர்களிடம் வேறு பெயர் இருந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம்மிடம் ‘விரிச்சி’ இருக்கிறது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்கள் நெல்லும் முல்லை மலரும் தூவி நிற்கிறார்கள். அப்போது ஓர் ஆய்மகள், தாய்ப் பசுவுக்காக ஏங்கும் கன்றைப் பார்த்து ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அவள் சொன்னது கன்றுக்கு. இவர்கள் அதைத் தங்களுக்கான நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ரோமானியர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மாசிடோனிய மன்னன் பெர்சியஸை எதிர்த்துப் போரிடும் பொறுப்பு ஏமிலியஸ் பவுலஸுக்குக் கிடைத்த நாளில், அவர் வீட்டுக்கு வந்தபோது சின்ன மகள் தெர்சியா முகம் வாடி நின்றாள். என்ன என்று கேட்டார். ‘அப்பா, பெர்சா செத்துப் போச்சு’ என்றாள். பெர்சா என்பது அவளுடைய நாய்க்குட்டி. அவர் அவளை அணைத்துக்கொண்டு ‘சகுனத்தை ஏற்கிறேன் மகளே’ என்றார். கி.மு. 168இல் பிட்னா போர்க்களத்தில் பெர்சியஸ் தோற்றான்.

‘ஏற்கிறேன்’ என்று அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சகுனத்தின் பலம் நம் கையில்தான் இருக்கிறது, நாம் எப்படி ஏற்கிறோமோ அப்படியே அது பலிக்கும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஏற்கலாம் என்றால் மறுக்கவும் வேண்டும் அல்லவா? கெட்ட சொல் காதில் விழுந்தால் ‘அது எங்களை அண்டாமல் போகட்டும்’ என்று உடனே தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளுவதற்கான வினைதான் ‘அபோமினாரி’. ‘ஆப்’ என்றால் விலகி, அப்பால். பின்னால் வருவது ஓமென். நம் வீடுகளில் யாராவது வேண்டாத வார்த்தையைச் சொன்னால் பாட்டிகள் ‘வாயைக் கழுவு, அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று பதறுவார்களே, அந்தப் பதற்றம்தான் இந்தச் சொல்லின் தொடக்கம். அதில் கோபம் கிடையாது, யார் மீதும் பகை கிடையாது. ஒரு தீமை வாய்வழியாக உள்ளே வந்துவிடுமோ என்ற அச்சம் மட்டுமே உண்டு.

ஊர்ப் பெயர்களையே இந்த அச்சம் மாற்றியது. ‘கெட்டது’ என்று ஒலித்த மாலேவெந்தும் என்ற ஊர், கி.மு. 268இல் ரோமானியக் குடியேற்றம் ஆனபோது ‘நல்லது’ என்று ஒலிக்கும் பெனேவெந்தும் ஆனது. எபிடாம்னஸ் என்ற துறைமுகத்தின் பெயரில் ‘டாம்னும்’, அதாவது நட்டம், ஒலிக்கிறது என்று அதை டிராக்கியம் ஆக்கினார்கள்.

பெயரை மாற்றுவதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் ரோமானியர்களுக்கு மனித உடலும் குறியாகலாம். கி.மு. 207இல், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபலோடு நடந்த போரின் நெருக்கடியான காலத்தில், ஃபுருசினோ என்ற ஊரில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உடலோடு ஒரு குழந்தை பிறந்தது. எத்ரூரியாவிலிருந்து வந்த குறிசொல்லிகள், அது ரோமின் மண்ணில் படவே கூடாது என்றார்கள். குழந்தையை உயிரோடு ஒரு பெட்டியில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 27 கன்னிப் பெண்கள் பரிகாரப் பாட்டுப் பாடியபடி ஊர்வலம் போனார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, கி.மு. 200இல், மறுபடியும் இதே கதை. சபைன் நாட்டில் ஒரு குழந்தை பிறந்தது. கூடவே பதினாறு வயதான இன்னொருவரும் அதே போன்ற உடலோடு இருப்பதாகக் ‘கண்டுபிடித்தார்கள்’. வரலாற்றாசிரியர் லிவி இதை எழுதும்போது, மற்ற எல்லாக் குறிகளையும் விட இவர்களைத்தான் மக்கள் அதிகம் வெறுத்து விலக்கியதாகச் சொல்ல ‘அபோமினாத்தி’ என்ற சொல்லைப் போடுகிறார். உடனே கடலுக்குக் கொண்டுபோக உத்தரவு போனது.

நான் இந்த இடத்தைக் கடந்து போக முடியாமல் நின்றேன். பதினாறு ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்த ஒருவர். அவரைத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததாக லிவி சொல்லவில்லை. கெட்ட சொல்லைத் தள்ளிவிடப் பிறந்த வினை, ஒரு மனிதரையே கெட்ட சொல்லாக வைத்துத் தள்ளிவிட்டது.

ஆங்கிலத்தில் வெறுப்பைச் சொல்லும் மற்ற லத்தீன் வழிச் சொற்கள் இப்படி இல்லை. ‘அப்ஹார்’ என்பது மயிர்க்கூச்செறிவதிலிருந்து வந்தது. அதன் பின்பாதியும் ‘ஹாரர்’ என்பதும் ஒரே வேர். ‘டிடெஸ்ட்’ என்பது கடவுளைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பது. டெஸ்டமென்ட், புரொட்டெஸ்ட் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். முதலாவது உடல் நடுங்குவது, இரண்டாவது வாய்விட்டுத் திட்டுவது. அபாமினேட் மட்டும்தான் விலக்கி வைப்பது.

ரோமின் தெய்வங்கள் போன பிறகும் இந்தச் சொல் பிழைத்ததற்குக் காரணம் பைபிள். எபிரேயத்தில் ‘தோஏவா’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு சமூகத்தாருக்கோ கடவுளுக்கோ அறவே ஆகாதது என்று பொருள் கொள்ளலாம். அதன் ஆட்சி மிக விரிவானது. ஆதியாகமத்தில், எபிரேயரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எகிப்தியருக்குத் தோஏவா. ஆடு மேய்ப்பவர்கள் எகிப்தியருக்குத் தோஏவா. நீதிமொழிகளில் கள்ளத்தராசு கர்த்தருக்குத் தோஏவா. லேவியராகமத்தில் சில உடலுறவுகள் தோஏவா. பந்தியில் யாரோடு உட்காருவது என்பதும், வியாபாரத்தில் நேர்மையும், படுக்கையறையும் ஒரே சொல்லின் கீழ் வருகின்றன. முதலாவதில் விலக்கப்பட்டவர்கள் யார்? அந்த வேதத்தை எழுதிய மக்களின் சொந்த முன்னோர்கள். இதை நினைவில் வைத்துப் படித்தால் அந்தச் சொல்லின் எடை வேறாகத் தெரியும்.

கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் நாற்றத்தோடு தொடர்புடைய ‘ப்தெலுக்மா’ என்ற சொல்லைப் பெருமளவு போட்டார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் ‘அபோமினாத்தியோ’ என்பதை எடுத்தார். சகுனத்தின் பழைய சொல்லுக்குள் பாவம் என்ற புதிய சரக்கு ஏறியது. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்துக்கு வந்து ‘அபாமினேஷன்’ ஆனது, விக்ளிஃப் பைபிளிலும் பின்னர் 1611இன் ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் நிலைத்தது. தமிழ் பைபிளில் இந்த இடங்களில் ‘அருவருப்பு’ என்று இருக்கும். மத்தேயு 24இல் வரும் ‘பாழாக்குகிற அருவருப்பு’ பலருக்குத் தெரிந்த தொடர். வயிற்றைப் புரட்டும் உணர்வைச் சொல்வதால் தமிழ்ச் சொல் கிரேக்கத்துக்கு நெருக்கம், சகுனத்துக்குத் தூரம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் அடைமொழியும்தான் முதலில் வந்தன. ‘அபாமினேட்’ என்ற வினை 17ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது.

அதற்குள் ஒரு விபத்து நடந்துவிட்டது. இடைக்காலத்தில் படித்தவர்களுக்கு ஓமென் ஞாபகத்தில் இல்லை. ‘ஆப்’ தெரிந்தது. பின்னால் இருப்பது ‘ஹோமோ’, அதாவது மனிதன், என்று நினைத்துவிட்டார்கள். ஆகவே ‘மனிதத் தன்மையிலிருந்து விலகியது’ என்று பொருள் சொல்லி, நடுவில் ஒரு ‘ஹ’ சேர்த்து ‘அப்ஹாமினபிள்’ என்று எழுதினார்கள். 1623இல் வெளியான ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்பில் இந்தச் சொல் வரும் 18 இடங்களிலும் இந்தத் தவறான எழுத்துதான். அவருடைய ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்ற வாத்தியார் வருவார். மக்கள் இந்த ‘ஹ’வை விழுங்கிப் பேசுகிறார்களே என்று கொதிப்பார். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ‘ப்’ எழுத்தை உச்சரிக்க மாட்டேன் என்கிறார்களே என்பது அவருடைய இன்னொரு வருத்தம். அந்த ‘ப்’ லத்தீன் மூலத்தில் உண்மையாகவே இருந்தது, இன்றும் எழுத்தில் தங்கிவிட்டது. இந்த ‘ஹ’ மூலத்தில் இல்லை, 17ஆம் நூற்றாண்டோடு உதிர்ந்தது. தெருவில் பேசியவர்கள்தான் சரியாகப் பேசியிருக்கிறார்கள்.

ஹாம்லெட்டில் இதைவிடக் கூர்மையான இடம் இருக்கிறது. மிகையாக நடிக்கும் நடிகர்களைப் பற்றி ஹாம்லெட் பேசும்போது, இயற்கையின் கூலியாட்கள் யாரோ இவர்களை அரைகுறையாகச் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது, மனித குலத்தை இவ்வளவு ‘அப்ஹாமினபிளாக’ நடிக்கிறார்களே என்கிறான். மனிதனை மனிதத்தன்மை இல்லாமல் நடிக்கிறார்கள் என்ற சிலேடை அது. எழுத்துப்பிழை பொருளுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இந்தச் சொல்லால் சுட்டப்பட்டவர் மனிதர் கணக்கிலேயே வரமாட்டார் என்று மூன்று நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் மனதார நம்பிப் படித்தார்கள், எழுதினார்கள்.

அந்த நம்பிக்கை நடப்பில் இருந்தபோதுதான் சொல் சட்டத்துக்குள் போனது.

1533இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் ஆண்களுக்கிடையிலான உடலுறவையும் விலங்குகளோடு கொள்ளும் உறவையும் தூக்குத் தண்டனைக் குற்றமாக்கியது. அதுவரை அது திருச்சபை நீதிமன்றங்களின் விஷயம். சட்டத்தில் அதற்கு இட்ட அடைமொழி ‘டிடெஸ்டபிள் அண்ட் அப்ஹாமினபிள்’. ஹ எழுத்தோடுதான். என்ன செயல் என்ற விளக்கம் எங்கும் இல்லை. பெரும் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், 1644இல் அச்சான தம் நூலில், இது கிறிஸ்தவர்கள் நடுவில் பெயர் சொல்லக் கூடாத பாவம் என்று எழுதினார். குற்றப்பத்திரிகைகளிலும் இந்த மந்திரம் ஏறியது: இயற்கையின் ஒழுங்குக்கு மாறான, வெறுக்கத்தக்க, பெயர் சொல்லத் தகாத குற்றம். வாயால் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்ற பழைய ரோமானிய அச்சம் இதில் அப்படியே இருக்கிறது. கோக் அதை அறிந்து எழுதியிருக்க வேண்டியதில்லை. சொல்லே அந்தப் பழக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

இதனால் விளைந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1835 நவம்பர் 27 அன்று லண்டன் நியூகேட் சிறை வாசலில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர்கள் அவர்கள். 1861இல் மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. ஆனால் அந்த ஆண்டின் சட்டத்தில் 61ஆம் பிரிவு மறுபடியும் ‘அபாமினபிள் கிரைம்’ என்றே எழுதியது. அதைப் பார்த்து எழுதிய ஜமைக்காவின் சட்டத்தில் 76ஆம் பிரிவாக அதே சொல் உட்கார்ந்தது.

வீட்டுக்கூடத்துப் பேச்சில் மட்டும் அந்தச் சொல் இதற்குள் நீர்த்துப் போயிருந்தது. 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் எலிசபெத் சேற்றில் மூன்று மைல் தனியாக நடந்து வந்ததைப் பார்த்த சீமாட்டி ஒருத்தி, இது ‘அபாமினபிள்’ ரகத் திமிர் என்கிறாள். மோசமான வானிலைக்கும் ஆறிப்போன சாப்பாட்டுக்கும் கூட அந்தச் சொல் போதுமானதாக ஆயிற்று. 1921இல் எவரெஸ்ட் பாதை தேடிப்போன ஹோவர்ட்-பரியின் குழு பனியில் பார்த்த காலடித் தடங்களைப் பற்றி, கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிய ஹென்றி நியூமன் ‘அபாமினபிள் ஸ்னோமேன்’ என்ற பெயரை உருவாக்கினார். சுமைதூக்கிகள் சொன்ன திபெத்தியத் தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டு வைத்த பெயர் அது. நூறு ஆண்டுகளாக உலகம் முழுக்க இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது அந்தப் பனிமனிதன்தான். ஒரே காலத்தில் ஒரே சொல் ஒரு பக்கம் விளையாட்டாகவும் இன்னொரு பக்கம் ஆயுள் தண்டனையாகவும் இருந்திருக்கிறது.

அமெரிக்க மாநிலங்கள் பலவும் ‘இயற்கைக்கு எதிரான அபாமினபிள், டிடெஸ்டபிள் குற்றம்’ என்ற தொடரையே சட்டமாக வைத்திருந்தன. ஃபுளோரிடாவில் அதற்கு இருபது ஆண்டுச் சிறை. 1971இல் ஃபிராங்க்ளின் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நேரடியான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. சாதாரண அறிவுள்ள ஒருவர் இந்தத் தொடரைப் படித்தால் எந்தச் செயல் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது என்று சொல்லி, சட்டம் தெளிவற்றது, செல்லாது என்றார்கள். எவ்வளவு வெறுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், எதை என்று சொல்லவில்லை. அந்த நீதிமன்றம் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டபோது ஹென்றியின் சட்டம் வந்து 438 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டே ஆண்டில், வெயின்ரைட் எதிர் ஸ்டோன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய தண்டனைகள் செல்லும் என்றது. நீதிமன்றங்கள் முன்பே பொருள் சொல்லிவிட்டனவாம். 2003இல் அதே உச்ச நீதிமன்றம் லாரன்ஸ் வழக்கில் தந்த தீர்ப்பால்தான், சம்மதத்தோடு நடக்கும் உறவைக் குற்றமாக்கும் இத்தகைய சட்டங்கள் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தன.

இந்தியாவுக்கு வந்த சட்டத்தில் ‘அபாமினபிள்’ இல்லை. 1837இல் தண்டனைச் சட்ட வரைவைத் தயாரித்த மெக்காலே, இந்த வெறுக்கத்தக்க குற்ற வகையைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்று குறிப்பெழுதி நிறுத்திக்கொண்டார். 1860இல் நிறைவேறிய 377ஆம் பிரிவு பழைய குற்றப்பத்திரிகை மந்திரத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது: ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக’. சொல் போனது, பெயர் சொல்ல மறுக்கும் பழக்கம் தங்கியது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையிலும் 365ஆம் பிரிவு இதே தொடரோடு வந்தது. சம்மதத்தோடு நடப்பது, பலவந்தமாக நடப்பது, பெரியவர்களுக்கிடையில், குழந்தைகளிடம் என்ற எந்தப் பிரிவினையும் 377க்குள் கிடையாது. எல்லாம் ஒரே மூட்டை.

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த மூட்டையைப் பிரித்தார்கள். வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை, பலவந்தமும் குழந்தைகள் மீதான செயலும் விலங்குகள் மீதான செயலும் குற்றமாகவே தொடரும் என்றார்கள். 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 377 முழுவதுமாகக் காணாமல் போயிற்று. அதோடு ஆண்கள் மீதும் திருநர் மீதும் நடக்கும் வன்புணர்வுக்கு எதிராக இருந்த பாதுகாப்பும் போயிற்று. அவர்களைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கும் பிரிவு புதிய சட்டத்தில் எழுதப்படவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்கு அந்த ஆகஸ்டிலேயே இது வழக்காக வந்தது. அரசு முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ‘அபாமினபிள்’ என்றோ ‘இயற்கைக்கு மாறானது’ என்றோ போர்த்தி மூடாமல், சம்மதமில்லாத செயல் என்று நேராகச் சொல்லும் ஒரு பிரிவை எழுதினாலே போதும்.